கோப்பின் பெயர் தமிழில்தான் இருக்கும்

"படைப்பாளர்கள் கோப்பின் பெயரையும் மின்னஞ்சலின் பொருள் வரியையும் ஆங்கிலத்தில் மட்டுமே இட வேண்டும்." சிறுகதைப் போட்டி அறிவிப்பின் அடியில் இந்த வரி இருக்கும். ஆய்வரங்கச் சுற்றறிக்கையில் இருக்கும். தமிழ்த் துறை ஒன்று தமிழில் கட்டுரை கேட்டு விடுக்கும் அழைப்பிலும் இருக்கும். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "தமிழ்ல பேர் வச்சா ஃபைல் சரியா வராது சார், எழுத்து உடைஞ்சிடும்." கணினி தெரிந்தவர்கள் என்று நாம் மதிக்கிறவர்களும் இதையே சொல்கிறார்கள். சொல்லிச் சொல்லி இது ஓர் இயற்கை விதி போல ஆகிவிட்டது.

இந்த அறிவுரை தவறு. ஒரு காலத்தில் சரியாக இருந்து, காலம் மாறிய பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிற தவறு. உடைகிற எழுத்துக்குத் தமிழ் பொறுப்பில்லை, பெயர் வைத்தவரும் பொறுப்பில்லை. மின்னஞ்சல் எப்படி எழுதப்பட வேண்டும் என்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துவைத்த விதியை இன்னும் ஒழுங்காகப் படிக்காத நிரல்களே பொறுப்பு. இதை வெறும் ஆவேசமாகச் சொல்லவில்லை. பைட் கணக்கோடு காட்ட முடியும்.

முதலில் இதை ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு காலாண்டிதழுக்கு வரும் படைப்புகளைப் பெற்றுப் பதிவுசெய்யும் வேலை என்னுடையது. எங்கள் அறிவிப்பிலும் அந்த வரி இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் முதல் கதையை அனுப்பியிருந்தார். எங்களுக்கு வந்தது பெயரில்லாத ஓர் இணைப்பு. எந்த நிரலில் திறப்பது என்று கணினிக்கே தெரியவில்லை. வழக்கம்போல "ஆங்கிலப் பெயரில் மறுபடி அனுப்புங்கள்" என்று பதில் போட்டோம். அவர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, நான் ஏதாவது தப்பா செஞ்சிட்டேனா?" என்று கேட்டார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. கதைக்குத் தமிழில் பெயர் வைத்து, அந்தப் பெயரிலேயே கோப்பைச் சேமித்திருந்தார். அவ்வளவுதான். அவர் குரலில் இருந்த கூச்சம் எனக்குள் தங்கிவிட்டது. பிழை எங்கே என்று தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

மின்னஞ்சலின் அடிப்படை வடிவம் 1982இல் வந்த ஆர்எஃப்சி 821, 822 என்ற இரு ஆவணங்களில் இருக்கிறது. அப்போது அதற்குத் தெரிந்தது ஆஸ்கி என்ற 128 குறிகள் மட்டும். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி, அதோடு சரி. படம், ஒலி, இணைப்பு எதுவும் அந்த வடிவத்தில் இல்லை. 1992 ஜூனில் நத்தேனியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற ஏற்பாட்டை வெளியிட்டார்கள். ஒரே மடலுக்குள் பல பகுதிகள், ஒவ்வொரு பகுதிக்கும் அது என்ன என்று சொல்லும் ஒரு முகப்பு. இன்று நாம் இணைப்பு என்று சொல்வது அதுதான். அதே மாதம் கீத் மூர் இன்னோர் ஆவணத்தை வெளியிட்டார். மடலின் தலைப்பகுதியில், அதாவது அனுப்புநர் பெயரிலும் பொருள் வரியிலும், ஆஸ்கி அல்லாத எழுத்தை எப்படி எழுதுவது என்பது அதன் பொருள். இணைப்பும் பிறமொழி எழுத்தும் மின்னஞ்சலுக்குள் ஒரே நாளையொட்டி நுழைந்த இரட்டைப் பிள்ளைகள். ஒன்றை எல்லா நிரல்களும் சீராட்டின. மற்றதைப் பாதி நிரல்கள் மாற்றாந்தாய் வீட்டில் விட்டுவிட்டன.

அந்த நாளில் தமிழுக்கு வேறு சிக்கலும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம். பாமினியில் தட்டச்சு செய்தது இன்னோர் எழுத்துருவில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். திஸ்கி ஒரு பக்கம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற டேம், டேப் இன்னொரு பக்கம். இவற்றில் எழுதிய மடல்கள் பெரும்பாலும் தலைப்பகுதியில் "நான் மேற்கு ஐரோப்பிய எழுத்து" என்று பொய்ச் சீட்டு ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்தன. பெறுகிற நிரல் பாவம், சீட்டில் இருப்பதை நம்பித் திறந்தது. அப்போது "ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள்" என்று சொன்னவர் அனுபவத்திலிருந்து சொன்னார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருங்குறி வந்தது, கைப்பேசி வரைக்கும் பரவியது. 2010இல் தமிழக அரசும் அதை ஏற்றது. சீட்டில் ஒருங்குறியின் குறியேற்றமான யூடிஎஃப்-8இன் பெயரை எழுதினால் போதும், உள்ளே இருப்பது தமிழ் என்பதில் இன்று எந்தக் கருவிக்கும் ஐயம் வர வேண்டியதில்லை. அறிவுரை மட்டும் பாமினி காலத்திலேயே நின்றுவிட்டது.

இனி, எழுத்து எப்படி உடைகிறது என்று பார்ப்போம். "திருமண அழைப்பிதழ்" என்று பொருள் வரியில் எழுதி ஒரு மடல் அனுப்புகிறீர்கள். நம் கணக்கில் அது பத்தெழுத்து. ஒருங்குறியில் மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் 16 குறியீடுகள், நடுவே ஓர் இடைவெளி. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், இடைவெளிக்கு 1. ஆக 49 பைட். தலைப்பகுதியில் ஆஸ்கி மட்டுமே செல்லும் என்பதால் இந்த 49 பைட்டையும் பேஸ்64 என்ற முறையில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றி ஓர் உறைக்குள் போட வேண்டும். 1996இல் செம்மைப்படுத்தி வெளியான ஆர்எஃப்சி 2047 அந்த உறையின் அளவைச் சொல்கிறது: 75 குறிகளுக்கு மேல் போகக் கூடாது. உறையின் முகப்புக்கும் முடிவுக்கும் 12 போய்விடும். மீதி 63. பேஸ்64 நான்கு நான்காகத்தான் நிரம்பும், ஆகவே 60. அறுபது குறிகளுக்குள் அடங்குவது 45 பைட். (முதல் வரியில் "சப்ஜெக்ட்" என்ற சொல்லுக்கும் இடம் விட்டால் இன்னும் குறையும். எளிமைக்காக அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

நம்மிடம் இருப்பது 49. நான்கு பைட் மிஞ்சுகிறது. இரண்டாவது உறை போட்டுத்தான் ஆக வேண்டும். எங்கே வெட்டுவது? அதையும் விதி சொல்லிவிட்டது. ஒவ்வோர் உறையிலும் முழுக் குறியீடுகளே இருக்க வேண்டும், பல பைட் கொண்ட ஒரு குறியீட்டை இரண்டு உறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. நிரல் எழுதியவர் இந்த வரியைப் படிக்காமல், 45 பைட் ஆனதும் கத்தியை வைக்கிறார் என்று கொள்வோம். "திருமண" என்பதற்கு 18, இடைவெளி 1, "அழைப்பித" வரைக்கும் 24. மொத்தம் 43. அடுத்து நிற்பது ழகரம். அதன் மூன்று பைட்டில் இரண்டு முதல் உறைக்குள் போகிறது. மூன்றாவது பைட் புள்ளியோடு சேர்ந்து இரண்டாவது உறைக்குப் போகிறது. பெறுகிற நிரல் ஒவ்வோர் உறையையும் தனித்தனியே பிரிக்கிறது. இரண்டிலும் அரைகுறை ழகரம். "அழைப்பித" என்று எழுதி, பிறகு கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி, அதன்மேல் ஒட்ட இடமில்லாமல் தொங்கும் ஒரு புள்ளி.

பார்க்கிறவர் என்ன நினைப்பார்? "பாத்தீங்களா, தமிழ்ல போட்டா இப்படித்தான்." இங்கே தமிழ் என்ன செய்தது? மூன்று பைட் வேண்டும் என்று ஒருங்குறி சொன்னது, அப்படியே நின்றது. ஜப்பானியக் காஞ்சி எழுத்துக்கும் மூன்று பைட்தான், அதையும் அதே இடத்தில் வெட்டினால் அதுவும் உடையும். கத்தியைத் தப்பான இடத்தில் வைத்தவர் ஒருவர். அவர் வைக்கக் கூடாது என்று விதியில் எழுதியும் இருக்கிறது.

இன்னொரு வகை உடைசல் இதைவிட எளியது. உள்ளே யூடிஎஃப்-8 இருக்க, சீட்டில் வேறு பெயர் இருந்தால், அல்லது சீட்டே இல்லாவிட்டால், ஒவ்வொரு பைட்டும் தனி ஐரோப்பிய எழுத்தாகத் தெரியும். அப்போது எல்லாத் தமிழ்க் குறியீடும் தலையில் சாய்கோடு வைத்த சிறிய ஏ எழுத்தில் தொடங்கும். அடுத்து, பெரும்பாலான இடங்களில், வட்டத்துக்குள் ஆர் எழுத்து, அதாவது வணிக முத்திரைக்குப் போடுகிற அந்தக் குறி. பக்கம் முழுக்க வணிக முத்திரை தெறித்திருந்தால் அது தமிழ் மடல் என்று நான் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். உள்ளே ஒரு பைட்கூடக் கெட்டிருக்காது. சீட்டைத் திருத்தினால் மொத்தமும் தமிழாகத் திரும்பி வரும்.

கோப்பின் பெயருக்கு வருவோம். ஆசிரியையின் கதை சிக்கியது இங்கேதான், குற்றம் மிகத் தெளிவாகத் தெரிவதும் இங்கேதான். இணைப்பின் பெயர் மடலின் பொருள் வரியைப் போன்றதில்லை. அது ஒரு முகப்பு வரிக்குள் வரும் உறுப்பு. பொருள் வரிக்குச் சொன்ன உறை முறையை இங்கே பயன்படுத்தவே கூடாது என்று ஆர்எஃப்சி 2047 பெயர் சொல்லித் தடுக்கிறது. இதற்கென்றே 1997 நவம்பரில் ஆர்எஃப்சி 2231 வந்தது. பெயர் எந்தக் குறியேற்றத்தில் இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும், பிறகு பைட்டுகளை விழுக்காட்டுக் குறி வைத்து எழுத வேண்டும், நீளமானால் எண்ணிட்டுத் துண்டு துண்டாகத் தொடரலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. பெயர் எந்த மொழியில் இருக்கிறது என்று சொல்வதற்கும் அந்த விதியில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. வேண்டுமானால் நிரப்பலாம், இல்லாவிட்டால் காலியாக விடலாம். தமிழுக்கு இரண்டெழுத்து மொழிக்குறி இருக்கிறது. நம் கோப்பின் பெயர் தமிழில் இருக்கும் என்பதை எதிர்பார்த்து 1997இலேயே நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். நாமோ வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

"திருமண அழைப்பிதழ்" என்ற பெயரில் ஒரு பிடிஎஃப் கோப்பை இந்த முறையில் எழுதினால், கோப்பு வகையைச் சொல்லும் பின்னொட்டையும் சேர்த்து 151 குறிகள் வரும். ஒரு வரிக்கு 78 குறி என்பது மின்னஞ்சலில் பரிந்துரைத்த அளவு. ஆகவே துண்டாக்கித் தொடர வேண்டும். விதி தெரிந்த நிரல் துண்டுகளை எண் வரிசையில் கோத்துப் பெயரை மீட்டுவிடும். தெரியாத நிரலுக்கு அங்கே பெயர் என்ற உறுப்பே கண்ணில் படாது. எனவே அது தானாக ஒரு பெயர் சூட்டுகிறது: "ஏடிடி00001", "பெயரற்ற இணைப்பு", இப்படி ஏதாவது. கோப்பு வகையைச் சொல்லும் பின்னொட்டும் பெயரோடு போய்விடுவதால் கணினி திணறுகிறது. ஆசிரியையின் கதைக்கு நேர்ந்தது இதுதான். மூல மடலைத் திறந்து பார்த்தேன். அவருடைய நிரல் விதிப்படி, துண்டு எண்களோடு, பிழையில்லாமல் அனுப்பியிருந்தது. நாங்கள் பயன்படுத்திய நிரலுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள். கேட்டேன்.

முப்பது ஆண்டு ஆகியும் ஏன் இது தீரவில்லை? "பெறுகிறவர் பெருந்தன்மையாக இருக்க வேண்டும்" என்ற பழைய கொள்கைக்கு இதில் பங்குண்டு என்பது என் முடிவு. ஜான் போஸ்டல் 1980இல் எழுதிவைத்தது: அனுப்பும்போது கண்டிப்பாக இரு, பெறும்போது தாராளமாக இரு. இணையம் வளரத் தொடங்கிய நாளில் அது நல்ல அறிவுரைதான். ஆனால் நடந்தது என்ன? சில நிரல்கள் தடைசெய்த உறை முறையையே கோப்பின் பெயருக்கும் போட்டு அனுப்பின. பெறுகிற நிரல்கள் தாராளமாக அதையும் படித்துக் காட்டின. "அதுதான் வேலை செய்கிறதே" என்று அனுப்பியவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். கடைசியில் விதிப்படி அனுப்புகிறவரின் மடல் சில இடங்களில் உடைகிறது, விதியை மீறியவரின் மடல் ஒழுங்காகத் திறக்கிறது. இந்தத் தாராளம் காலப்போக்கில் பிழையையே வழக்கமாக்கிவிடும் என்று 2023இல் ஆர்எஃப்சி 9413 விரிவாக எழுதியிருக்கிறது. "ஆங்கிலத்தில் பெயர் வை" என்ற அறிவுரையும் அதே பெருந்தன்மைதான். நிரல்காரர் செய்ய வேண்டிய வேலையை எழுத்தாளர் தன் தலையில் தூக்கிக்கொள்கிறார். புகார் போவதில்லை. புகார் போகாததால் திருத்தமும் வருவதில்லை.

ஆங்கிலப் பெயர் வைத்தால் சிக்கல் ஓய்ந்துவிடும் என்பதும் உண்மையில்லை. அவுட்லுக்கில் ரிச் டெக்ஸ்ட் வடிவத்தில் எழுதி அனுப்பினால், வேறு நிரலில் பெறுகிறவருக்கு வின்மெயில்.டாட் என்ற ஒரே கோப்பு போய்ச் சேருவது உலகறிந்த தொல்லை. இணைப்புகள் எல்லாம் அதற்குள் அடைபட்டிருக்கும். அதில் அகப்பட்ட கோப்புகளின் பெயர் சுத்த ஆங்கிலம்தான். ஜெர்மன்காரர் பெயரில் மேலே இரு புள்ளி வைத்த ஓர் எழுத்து இருந்தால் போதும், அவருக்கும் நம் கதிதான். ஆங்கிலப் பெயருக்கு நடுவே சொற்செயலி தானாகப் போட்ட நீளக் கோடும் வளைந்த மேற்கோளும்கூட ஆஸ்கிக்கு வெளியே இருப்பவை. தமிழை விலக்கிவிட்டால் கோளாறு போய்விடாது, வேறு நாளில் வேறு வாசலால் வரும்.

போதாக்குறைக்கு, ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர் என்பது பதிவுசெய்கிறவனுக்கு நரகம். கடிதம் என்ற ஒரு சொல்லை நாலு பேர் நாலு விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். ழகரத்தை எப்படி எழுதுவது என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. பலர் இந்தத் தொல்லையே வேண்டாமென்று "ஸ்டோரி", "ஃபைனல்", "நியூ" என்று பெயரிட்டு அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் கோப்புறையில் ஒரே இதழுக்கு "ஸ்டோரி" என்ற பெயரில் மட்டும் பத்துக்கு மேல் கோப்புகள் கிடந்தன. எது யாருடையது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஐந்தாண்டு கழித்து ஒரு கதையைத் தேடுகிறவருக்கு அந்தப் பெயர் எதற்கு உதவும்?

தமிழ் கனமான எழுத்து, மூன்று பைட் பிடிக்கும் என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. இணைப்பாகப் போகும் எந்தக் கோப்பும் பேஸ்64இல் மூன்றுக்கு நான்காகப் பெருக்கும். 3 எம்பி படம் 4 எம்பிக்குச் சற்று மேலே போகும். ஒரு படத்துக்காக ஒரு எம்பியைக் கூடுதலாகச் சுமக்க எல்லோரும் சம்மதிக்கிறார்கள். 49 பைட் பொருள் வரிதான் கனக்கிறதாம். மின்னஞ்சலே பழசு, வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்பவர்களுக்குச் சொல்வது இதுதான்: ஒப்பந்தமும் ஆய்வேடும் விண்ணப்பமும் இன்னும் மின்னஞ்சலில்தான் போகின்றன. பத்தாண்டு கழித்துத் தேடி எடுக்க வேண்டியவை அவை.

பிற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. ஜப்பானியர்கள் தங்கள் மடல்கள் எந்தக் குறியேற்றத்தில் போக வேண்டும் என்று 1993 ஜூனில் ஆர்எஃப்சி 1468 என்ற ஆவணமாகவே வெளியிட்டார்கள். அதை எழுதியவர்களில் ஜுன் முராய் ஒருவர். எழுத்து உடைவதற்கு மோஜிபாகே என்று பெயரே வைத்து, அது ஒரு கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும்படி செய்தார்கள். ரஷ்யர்களின் கோய்8 என்ற குறியேற்றம் இன்னும் நுட்பமானது. வழியில் ஏதோ ஒரு கணினி எட்டாவது பிட்டைக் கழித்துவிட்டால்கூட, மிஞ்சுவது ரஷ்ய ஒலிக்கு இணையான ஆங்கில எழுத்தாக இருக்கும்படி அட்டவணையை அடுக்கியிருந்தார்கள். மடல் அரைகுறையாக வந்தாலும் வாசிக்கலாம். இவர்கள் யாரும் தங்கள் மக்களிடம் போய் "நீங்கள் ஆங்கிலத்தில் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் முடிகிறது, எதிர்ப்பக்கம் என்ன நிரல் என்று தெரியாது, வேலை கிடைப்பதே அந்தக் கோப்பில் இருக்கிறது என்றால், ஆங்கிலப் பெயர் வைத்து அனுப்புங்கள். நானும் அதைத்தான் செய்வேன். மழைக்கு ஒதுங்குவது வேறு, மழைக்கு ஒதுங்கின இடத்திலேயே வீடு கட்டிக்கொள்வது வேறு. அதை விதியாக்கி அறிவிப்பில் அச்சிடுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

சென்ற ஆண்டு சந்தாதாரர்களுக்கு மடல் அனுப்ப ஒரு சேவை தேடினோம். மூன்று நிறுவனங்கள் மாதிரி காட்டின. மூன்றுக்கும் ஒரே சோதனை வைத்தேன்: "திருமண அழைப்பிதழ்" என்று பொருள் வரி, அதே பெயரில் ஒரு பிடிஎஃப். ஒன்றில் ழகரம் மேலே சொன்ன அதே இடத்தில் உடைந்தது. இன்னொன்றில் பெயர் காணாமல் போனது. மூன்றாவது இரண்டையும் முழுதாகக் கொண்டுவந்து சேர்த்தது. ழகரத்தை உடைத்தவர்கள், "சப்ஜெக்டை இங்கிலீஷ்ல போட்டுக்கலாமே சார்" என்றார்கள். மூல மடலை எடுத்து, 45ஆவது பைட்டில் கோடு போட்டு, விதியின் அந்தப் பத்தியையும் சேர்த்து அனுப்பினேன். பத்து நாளில் அந்த நிரலை எழுதிய இளைஞரே பதில் போட்டார். எழுத்தெல்லையைப் பார்க்காமல் பைட் எண்ணி வெட்டியிருந்ததாகவும், திருத்திவிட்டதாகவும், இதுவரை யாரும் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வாடிக்கையாளர்களில் தமிழில் எழுதுகிறவர்கள் நிறைய. எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டார்களே தவிர அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

எங்கள் இதழ் அறிவிப்பில் அந்தப் பழைய வரியை எடுத்துவிட்டோம். இப்போது அங்கே இருப்பது: "கோப்புக்கு உங்கள் கதையின் பெயரையே தமிழில் வையுங்கள். பெயர் சிதைந்து வந்தால் பழுது எங்கள் பக்கத்தில் இருக்கிறதா, வழியில் இருக்கிறதா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உங்களை மறுபடி அனுப்பச் சொல்ல மாட்டோம்."